ஆறாவது மலையில் திரும்பியவன்

எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல ஆரணியாற்றுக் கரை ஒன்றுதான் உண்டு. பெரியபாளையத்தில் பிறந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்து மூன்று வருஷம் ஷிப்டு பார்த்தவன் நான். ஃபர்னஸ் சூட்டில் நின்று பழகிய உடம்பு எதையும் தாங்கும் என்று நம்பியிருந்தேன். மகளுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, வெள்ளியங்கிரி ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மில்லுப் பையன்கள் அந்த வாரம்தான் போய்வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பயத்தில் வாய்க்கு வந்த மலை அது. பிள்ளை பிழைத்தாள். 2023 பங்குனியில், நாற்பத்தேழாவது வயதில், இரண்டு பையன்களோடு கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினேன். அதற்கு முந்தின இரவு நைட் ஷிப்டு.

அடிவாரம் பூண்டி. பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவார்கள். வனத்துறையினர் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்கிறார்கள். மூங்கில் தடி ஒன்று வாங்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தோம். உயரம் சுமார் ஆறாயிரம் அடி, ஏழு மலை. தூரத்தைக் கேட்டால் ஆறு கிலோமீட்டர்கூட இல்லை என்பார்கள். மில்லுக்குள்ளேயே நான் தினமும் அவ்வளவு நடக்கிறேன் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு முதல் மலையிலேயே தப்பாகிவிட்டது. வெள்ளை விநாயகர் கோயில் வரைக்கும் படிக்கட்டுதான், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை முழம். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை எல்லாம் தாண்டி மேலே போகப்போக மரம் குறைந்து புல்வெளி வந்தது. நனைந்த சட்டைமேல் காற்று அடித்ததும் பல் கிட்டியது. பையன்கள், “அண்ணா, கூடவே வரோம்” என்றார்கள். நான்தான் முன்னால் போகச் சொன்னேன்.

ஆறாவது மலையில் இறங்கினால் ஆண்டி சுனை. அதில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் ஏழாவது மலை ஏறுவார்கள். சுனைக் கரையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. இடது தோளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல ஒரு கனம். கண் இருட்டியது. பக்கத்தில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தார். “ஏனுங் தம்பி, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சுங்களே. தண்ணியில எறங்கீராதீங்க” என்றார். கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் வைத்தார். தன் காய்ந்த துண்டால் என் தலையைச் சுற்றிக் கட்டினார். அரை மணி நேரம் கழித்து, “வாங்க, எறங்கலாம்” என்றார்.

மகளுக்கான வேண்டுதல் என்று சொன்னேன். இன்னும் ஒரு மலைதான் என்று அழுதேன். “அவரு எங்கயும் போயிர மாட்டாருங்க” என்று சொல்லி என் தடியைக் கையில் கொடுத்தார். குளித்துவிட்டு மேலே ஏறத் தயாராக இருந்த மனிதர் அவர். பதினாலாவது வருஷமாக வருகிறாராம். இறக்கம் முழுவதும் எனக்கு முன்னால் ஒரு படி இறங்கி, திரும்பி நின்று, என் முட்டியில் கை வைத்துத்தான் அடுத்த படிக்கு என்னை விட்டார். அடிவாரம் வந்தபோது விடிந்து வெயில் ஏறிவிட்டது. அவர் அந்த வருஷம் ஏழாவது மலை ஏறவில்லை. பேர்கூட நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டினேன். அடைப்பு இருந்தது, மருந்தில் இருக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் என்னை அரித்தது அதுவல்ல. வேண்டினதைச் சாமி கொடுத்துவிட்டார், நான் கொடுக்கவில்லை. அப்படியானால் நான் கடன்காரனா?

பதிலைத் தேடி நான் தூரம் போகவில்லை. திருநாவுக்கரசர் கயிலைக்குப் புறப்பட்ட கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துத் திருப்பாசூரையும் திருவாலங்காட்டையும் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் காளத்தி போனார், அங்கிருந்து வடக்கே. கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், உருண்டார். முனிவர் வேஷத்தில் வந்த சிவன், மனுஷரால் ஆகாது, திரும்பு என்றார். காணாமல் திரும்ப மாட்டேன் என்றார் நாவுக்கரசர். கோயில் பிரசங்கத்தில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அடுத்து நடந்ததைத்தான் நான் கவனித்ததில்லை. சிவன் முதலில் அவருடைய சிதைந்த உடம்பைச் சரியாக்கினார். காட்சி அதற்குப் பிறகுதான், அதுவும் கயிலையில் இல்லை. குளத்தில் முழுகச் சொன்னார். எழுந்தது காவிரிக்கரைத் திருவையாற்றில். சமவெளியில். ஆடி அமாவாசையன்று அங்கே அதை இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து கயிலை ஏறி முடித்தவர். அவரையும் சிவன் அங்கே வைத்துக்கொள்ளவில்லை. திருவாலங்காட்டுக்குப் போ, அங்கே என் ஆட்டத்தைப் பார் என்று இறக்கி அனுப்பினார். திருவாலங்காடு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊர். ஏறி முடித்தவரும் முடியாதவரும் கடைசியில் சேர்ந்த இடம் தரைதான். வெள்ளியங்கிரியைத் தென்கயிலாயம் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

உடம்பை வருத்துவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பவானி அம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்தில் வந்து பாருங்கள். உடம்பெல்லாம் வேப்பிலை கட்டி, ஈரத்தோடு பெண்கள் கோயிலைச் சுற்றுகிறார்கள். என் மனைவியும் மகளுக்காக வேப்பஞ்சேலை கட்டினாள். தழையும் ஈர்க்கும் உரசி அவள் தோளில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. ஆனால் அவள் தனியாகச் சுற்றவில்லை. என் அம்மா ஒரு பக்கம், அவள் தங்கச்சி ஒரு பக்கம், நான் குடத்துத் தண்ணீரோடு பின்னால். மயக்கம் வருகிறது என்று நின்றபோது அம்மா, “குந்திக்கோ, ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா” என்றாள். நிழலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், முடித்தாள். முடிக்காமல் இருந்திருந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் அதைக் குறை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறாவது மலையில் எனக்கு அம்மாவாக இருந்தது அந்தக் கொங்குப் பெரியவர்.

அடுத்த வருஷம், 2024 பருவத்தில், அதே மலையில் மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் பலர் இறந்த செய்தி அடுத்தடுத்து வந்தது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது எனக்கு அந்தச் சுனைக்கரைதான் ஞாபகம் வந்தது. இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாமோ “சாமி பாத்துக்கும்” என்கிறோம். சாமி பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறார். கருப்பட்டியோடு ஒரு ஆளை அனுப்பித்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். அந்த ஆள் சொன்னதைக் கேட்காமல் ஏறியிருந்தால் அது பக்தி ஆகாது, என் பிடிவாதம். என் வேண்டுதல் ஆண்டி சுனையில் தீர்ந்தது என்றே இப்போது நம்புகிறேன். தரிசனம் பார்க்காமல் இறங்கிய அந்தப் பெரியவருக்கு ஒரு குறையும் வராது என்பதை அதைவிட உறுதியாக நம்புகிறேன்.

முதல் தடவையாக மலை ஏறப் போகிறவர்களுக்கு: நாற்பது தாண்டியவராக இருந்தால் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு போங்கள். முந்தின இரவு தூங்குங்கள். துணையை முன்னால் அனுப்பாதீர்கள். நல்லபடியாக ஏறி முடித்து வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வழியில் யாராவது தடியை ஊன்றி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தால், “பாதியிலேயே திரும்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.