மடி நிறையாத வீடும் மார்க்கத்தின் வரம்பும்



நம் மஹல்லாக்களில் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். அகீகா விருந்து நடக்கும். நிக்காஹ் முடிந்து பத்தாண்டு கடந்தும் மடி நிறையாத ஒரு சகோதரி, குழந்தையைத் தூக்கக் கை நீட்டத் தயங்கி, ஒரு மூலையில் ஒதுங்கி அமர்ந்திருப்பார். அவர் காதுபட "மலடி" என்ற சொல் விழும். அதைச் சொன்ன நாவு அன்று காலையில்தான் குர்ஆன் ஓதிய நாவாக இருக்கும்!

நாடியோருக்குப் பெண்மக்களையும், நாடியோருக்கு ஆண்மக்களையும் வழங்குபவன் தானே. நாடியோரை மகப்பேறற்றவர்களாக ஆக்குபவனும் தானே என்று வல்ல அல்லாஹ் தன் திருமறையில் (42:49, 50) தெளிவுபடுத்துகிறான். அவனுடைய நாட்டத்தை ஒரு பெண்ணின் குற்றமாக்க நாம் யார்? குறை கணவனிடமும் இருக்கலாம். ஆயினும் மனைவியை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, தம்மைச் சோதித்துக் கொள்வதைக் கௌரவக் குறைவாகக் கருதும் ஆண்கள் நம்மில் உண்டு.

சிகிச்சை தேடலாமா? தாராளமாகத் தேடலாம். நரை மூத்த பின்னும் நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வேண்டி இறைஞ்சினார்கள். கேட்பது பொறுமைக்கு மாறானதன்று. நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பணித்திருக்கிறார்கள்.

1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது, மனிதன் படைப்பில் கை வைத்துவிட்டான் என்று பலர் பதறினர். உண்மையில் அவன் எதையும் படைக்கவில்லை. தாயின் கருமுட்டையையும் தந்தையின் விந்தையும் வெளியே ஒரு கலத்தில் சேர்த்து, உருவான கருவை அத்தாயின் கருப்பையிலேயே வைத்தான். அவ்விரண்டையும் படைத்தவன் அல்லாஹ்வே.

ஆனால் வரம்பு உண்டு. 1986-இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம், தேவை ஏற்படும்போது கணவன் மனைவி இருவருடையவற்றை மட்டும் சேர்த்து, அம்மனைவியே சுமப்பதை அனுமதித்தது. மூன்றாமவருடைய விந்து, கருமுட்டை, கருப்பை ஆகியவற்றை விலக்கியது. அதற்கு முன் 1984-இல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் மன்றம், ஒரு மனைவியின் கருவை அதே கணவனின் மற்றொரு மனைவி சுமக்கலாம் என்று கூறியிருந்தது. மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது. சுமப்பவளும் தன் கணவனால் கருவுற்றுவிட்டால், எந்தப் பிள்ளைக்கு யார் தாய் என்பது குழம்பிவிடுமல்லவா? தந்தை ஒருவரே என்றிருந்தும், தாய் யார் என்பதில் ஐயம் வரக்கூடாதென அஞ்சினார்கள் அவ்வறிஞர்கள்.

"யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சிலர் அந்நியரின் விந்தை நாடுகின்றனர். அல்லாஹ்வுக்குத் தெரியும். கணவனுக்கும் தெரியும். இன்று சம்மதித்தவர், நாளை ஒரு கோப நேரத்தில், "இவன் என் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டால் அந்த வீட்டில் அன்பு எங்கே நிற்கும்? வாரிசுரிமையும் மஹ்ரம் உறவும் என்னவாகும்? தான் யார் என்பதை அறிவது பிள்ளையின் உரிமை. அதை மறைத்து அதன்மீது பாசத்தைக் கட்டுவது, அஸ்திவாரமின்றிச் சுவர் எழுப்புவது போன்றதாகும்.

சிகிச்சையும் பலிக்கவில்லையா? அநாதைக் குழந்தை ஒன்றை அணைத்துக் கொள்ளுங்கள். அதன் தந்தையின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். அது இறைக்கட்டளை (33:5). இரண்டு வயதுக்குள் மனைவியின் சகோதரி பாலூட்டினால், அந்த ஆண்குழந்தைக்கு மனைவி சிற்றன்னை அல்லது பெரியன்னை முறையாகி மஹ்ரமாகிறார். பெண்குழந்தையாயின் கணவரின் சகோதரி பாலூட்டட்டும். கணவர் அதற்குத் தாய்மாமன் முறையாவார்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. தம் சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் "உம்மு அப்துல்லாஹ்" என்றே அழைக்கப்பட்டார்கள். பெருமானாரின் (ஸல்) அன்பு அவர்கள்மீது ஒரு துளியும் குறையவில்லை. நம் வீட்டு மருமகளை நாம் எப்படி நடத்துகிறோம்?

அடுத்த அகீகாவில், ஒதுங்கி அமர்ந்திருக்கும் அச்சகோதரியின் மடியில் குழந்தையை நாமே கொண்டுபோய் வைப்போமாக! குழந்தைக்காக ஏங்குவோருக்கு அல்லாஹ் ஸாலிஹான மக்களைத் தந்தருள்வானாக! தராதபோதும் இல்லறத்தின் அன்பைக் குறையாமல் காப்பானாக! ஆமீன்.