சும்மா கொடுப்பதைச் சோதிக்கலாமா?

அரியாங்குப்பத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு செருகுநிரல் எழுதி, எங்கள் தொகுப்பில் சேர்க்கக் கொண்டு வந்தார். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை லிபர்ஆஃபிசுக்குள்ளேயே ஒருங்குறிக்கு மாற்றித் தரும். பழைய உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு திண்டாடும் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மாற்றிய பக்கம் திரையில் பளிச்சென்று இருந்தது. 'கோவிந்தன்' என்று தேடினேன். கண்ணெதிரே இருக்கிற பெயர் சிக்கவில்லை. பழைய எழுத்துருவில் 'கோ'வை இரட்டைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக அடிப்போம். ஒருங்குறியில் க-வுக்குப் பிறகு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி வரவேண்டும். அவருடைய நிரல் இரண்டையும் தனித்தனியாக விட்டிருந்தது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் தேடும்போது ஆள் காணாமல் போய்விடுகிறார்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதி, காசு வாங்காமல் கொடுக்கும் பிள்ளையிடம் குறை சொல்வதா என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கோ அந்தச் சங்கத்து எழுத்தர்தான் கண்முன் நிற்கிறார். அவருக்கு நிரல் படிக்கத் தெரியாது; நம்பி நிறுவுகிறார். அவருக்குப் பதிலாக யாராவது ஒருவர் படித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

அதற்காகக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முதிராத செருகுநிரலுக்குச் 'சோதனை நிலை' என்று முத்திரை குத்துகிறார்கள். பயனர் தானாகக் கேட்டால்தான் அது பட்டியலில் தெரியும். கோப்பை அழிப்பது, சொல்லாமல் தரவை வெளியே அனுப்புவது போன்றவற்றுக்குத்தான் நான் உறுதியாக மறுப்பேன். மற்றவற்றை முத்திரையோடு உள்ளே விடலாம்.

முதல் நாள் பார்த்ததோடு கடமை முடிந்துவிடுவதும் இல்லை. 2018-இல் 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை எழுதியவர், பராமரிக்க முடியாமல், கேட்டு வந்த முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலை அதனுள் நுழைத்துவிட்டார். வாரந்தோறும் லட்சக்கணக்கில் தரவிறங்கிய தொகுப்பு அது. எழுதியவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கைகொடுக்க ஆளில்லாமல் அவரை நாம் எல்லோரும் தனியே விட்டிருந்தோம். ஆகவே, நாளைக்கு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் தர விதிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பேன்.

அந்த மாணவருக்குப் பிழை வரும் இடத்தைக் காட்டி, காரணத்தையும் சொன்னோம். பைத்தானில் ஒருங்குறியைச் சீராக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வரி சேர்த்தார், கோவிந்தன் கிடைத்தார். 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பியிருந்தால் அவர் திரும்பி வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நிரல் எழுதும் தம்பி, தங்கைகளே, கொண்டு வாருங்கள். வருமுன் உங்கள் ஊர்ச் சங்கத்தில் கேட்டு, அவர்களுடைய பழைய பட்டியலின் நகல் ஒன்றில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.