விண்ணப்பமும் வாய்மையும்

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் மாணவன் ஒரு பதவிக்காக எழுதும் விண்ணப்பக் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மேற்படுவதில்லை. எனினும், ஆய்வுக்கட்டுரை எழுதியபோது தோன்றாத தயக்கம் அதனை எழுத அமரும்போது அவனைப் பற்றிக்கொள்கிறது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று கற்று வளர்ந்தவன் அவன். இப்பொழுதோ தன்னைப் பற்றி நல்லன கூறாவிடின் நேர்முகப் பரீட்சைக்கும் அழைப்பு வராது. இத்தயக்கம் வெறுங் கூச்சமன்று. அதனுள் ஓர் அறவியல் வினா அடங்கியுள்ளது. தன் தகைமையைத் தானே எடுத்துரைப்பவன் எவ்வளவு கூறலாம்? எதனைக் கூறலாகாது?

இவ்வினாவை நம் இலக்கண நூலார் முன்னரே எண்ணியுள்ளனர். 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், அரிய நூல்களைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்று விதிக்கிறது. ஆயின், அடுத்த சூத்திரத்திலேயே புலவனுக்கு நான்கு இடங்களில் அவ்விதி தளர்த்தப்படுகிறது: அரசவைக்கு ஓலை எழுதுமிடத்து, தன் ஆற்றலை அறியாதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்தவிடத்து. இவற்றுள் முதலிரண்டும் விண்ணப்பக் கடிதத்துக்கு அப்படியே பொருந்துவன. பதவி வழங்குவோர் நம்மை அறியாதவர். நாம் எழுதுவதும் ஓர் ஓலையே. அறியாதவருக்கு அறிவித்தல் தற்புகழ்ச்சியாகாது. அது சாட்சியம் கூறுதலை ஒத்தது.

சாட்சியம் என்று கொண்டால் அதற்குரிய கடப்பாடும் உடன் வருகிறது. சாட்சி கூறுவோன் மிகைப்படுத்தலாகாது. அறிந்ததை மறைத்தலும் ஆகாது. ஆகவே, பொய்யான பணிவும் இங்கே குற்றமே. மூன்று ஆண்டுகள் ஒரு சங்கத்தின் கணக்குகளைத் தவறின்றிப் பேணியவன், அதனைச் சொல்லக் கூசி விடுவானாயின், தேர்வு செய்வோர் அறிய வேண்டியதை அறியாமற் செய்கிறான். மறுபுறம், ஒரே ஒரு கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கியவன் ‘சங்கப் பணிகளுக்குத் தலைமை தாங்கினேன்’ என்று எழுதுவானாயின், அவன் ஏமாற்றுவது பதவி வழங்குவோரை மட்டுமன்று. அதே பதவிக்கு உண்மையை எழுதி அனுப்பிய, முகமறியாத வேறொருவனின் இடத்தையும் அவன் கவர்கிறான். வேலை அரிதாகவுள்ள சமூகத்தில் இது சிறு பிழையன்று.

ஏறக்குறைய 1482இல் லியனார்டோ டா வின்சி மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய விண்ணப்பத்தின் வரைவு இன்றும் பேணப்பட்டுள்ளது. இலக்கமிட்ட பத்துக் கூற்றுகள் கொண்டது அது. போரச்சம் மிக்க அக்காலத்து ஆட்சியாளனுக்கு வேண்டியவற்றை அறிந்து, எளிதிற் கொண்டுசெல்லத்தக்க பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் ஆகியன பற்றியே அவர் முதலிற் பேசுகிறார். இன்று உலகம் அவரை எதற்காகப் போற்றுகிறதோ அந்த ஓவியக்கலை இறுதியிற் சில சொற்களில் வந்து போகிறது. தம்மிலும் பார்க்கப் பெறுபவரின் தேவையை முன்வைத்தமை அக்கடிதத்தின் திறம். அதன் அறமோ வேறோரிடத்தில் உள்ளது. அவர் கூறிய போர்க்கருவிகள் பெரும்பாலும் அதுவரை செய்து காட்டப்பட்டவை அல்ல. ‘செய்ய வல்லேன்’ என்று சொல்லப்பட்டவை. ஐயமுண்டாயின் நேரிற் சோதித்துப் பார்க்கலாம் என்றும் அவர் எழுதுகிறார். செய்தேன் என்பது சான்று. செய்ய வல்லேன் என்பது வாக்கு. இரண்டும் கூறத்தக்கனவே. ஆனால், வாக்கைச் சான்றாக மாற்றி எழுதுமிடத்திற் பொய் பிறக்கிறது.

கடமை விண்ணப்பிப்பவனுக்கு மட்டும் உரியதன்று. ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகையானதைக் கொள்க என்றும், அவரவர் செயலே உரைகல் என்றும் வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் உரைப்பது தேர்வு செய்வோரை நோக்கியே. சொல்லலங்காரத்துக்குப் பரிசளிக்கும் நிறுவனம் மிகையுரைகளையே பெறும்.

முன்பு கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுப்போரிடம் வாங்கிய வாசகங்களை இன்று கணினியிடம் வாங்குகிறோம். இரவல் நடை தன்னளவிற் குற்றமன்று. ஆயினும், யாருக்கும் பொருந்தும் கடிதம் எவரைப் பற்றியும் எதனையும் சொல்வதில்லை. தான் செய்த ஒரு காரியத்தை, அதன் அளவோடும் இடத்தோடும் எடுத்துரைக்கும் இரண்டு வாக்கியங்கள் அதனினும் பயனுடையன. அவற்றை வேறொருவர் எழுதித் தரவும் இயலாது.

கடித முடிவில், ‘தங்கள் உண்மையுள்ள’ என்றெழுதிக் கையொப்பமிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் சிந்தியாமலே எழுதுகிறோம். கையொப்பமிடுமுன் கடிதத்தை மீண்டும் ஒருமுறை படித்து, அச்சொல் அதற்குப் பொருந்துமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்பவன், பதவி கிட்டினும் கிட்டாவிடினும், தான் எழுதியதை எண்ணி நாணவேண்டியதில்லை.