ஒரு பிரயோசனமும் இல்லாதவை



ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போய் வந்தவர் நீர். மருதமடு என்ற பெயரிலேயே ஒரு மரம் நிற்கிறது. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த அந்தக் காட்டின் நிழலில் நீர் பாய் விரித்துப் படுத்திருப்பீர். கல்லடுப்பு மூட்டிச் சமைத்திருப்பீர். திரும்பும்போது மடு மண்ணில் ஒரு பிடி எடுத்து முடிந்து வந்திருப்பீர். ஆனால் அந்த மண்ணின் மேலும் மரத்தின் மேலும் வாழ்பவை எவை என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தீரா?

ஒரு திருவிழாவின்போது நான் கண்ட சிறு சம்பவம் இது. ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் பாலை மரமொன்றின் அடியில் நின்று, அதன் பட்டையில் படர்ந்திருந்த சாம்பல் நிறத் திட்டுக்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். 

"அம்மம்மா, உந்த மரத்துக்குத் தேமலோ?" என்று கேட்டான்.

"உது சும்மா பாசி, ராசா. உதாலை ஒரு பிரயோசனமும் இல்லை. வா, பூசைக்கு நேரமாச்சு."

கிழவி சொன்னதில் குற்றமில்லை. பூசைக்கு நேரமாகத்தான் இருந்தது. ஆனால் "ஒரு பிரயோசனமும் இல்லை" என்ற அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. பிரயோசனம் இல்லாதது என்று ஒன்று இறைவனின் படைப்பில் உண்டா? பிரயோசனம் என்றால் யாருக்கு?

முதலில் அந்தத் தேமலைப் பார்ப்போம். பாடசாலைப் புத்தகத்தில் இதனை இலைக்கன் என்று படிக்கிறார்கள். இது மரத்தின் நோயன்று. மரத்தை இது உறிஞ்சுவதில்லை. தங்கியிருக்க இடம் மட்டுமே கேட்கிறது. இது ஒற்றை உயிருமன்று. பூஞ்சணமும் அல்காவும் ஒன்றாய்க் கூடி வாழும் குடித்தனம் இது. பூஞ்சணம் வீடாக நின்று ஈரத்தைக் காக்கிறது. அல்கா சூரிய ஒளியில் உணவு சமைக்கிறது. சுவிற்சர்லாந்து தேசத்துச் சீமோன் சுவென்டனர் என்ற தாவரவியலாளர் 1867-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டபோது, இத்துறையில் பேரெடுத்த அறிஞர் பலர் அவரை மறுத்தார்கள். பின்னர் அவர் சொன்னதே சரியென நிலைத்தது.

ஆவணி வெயிலில் இது காய்ந்து செத்தது போலக் கிடக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாரும். சிறிது நேரத்தில் சாம்பல் நிறத்தினூடே பசுமை தெரியும். சாகவில்லை, மழைக்காகக் காத்திருந்தது. சில இனங்கள் ஒரு வருடத்தில் ஒரு மில்லிமீற்றர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அளவுள்ள ஒரு திட்டு உமது வயதை ஒத்ததாகவும் இருக்கலாம்.

இனி மரத்தடிக்கு வாரும். மழை படாத பொடி மணலில் சிறு சிறு குழிகள் தெரிகின்றனவா? அவை குழியானையின் வேலை. அடியில் அது புதைந்திருக்க, தவறி விழும் எறும்பு மணல் சரிந்து அதன் வாய்க்குள்ளேயே போகும். இந்தக் குழிக்காரனே பின்னொரு நாளில் சிறகு முளைத்துப் பறக்கும் பூச்சியாகிறான். மேலே கொப்பில் முசுறுகள் இலைகளை இழுத்துப் பிடித்து, தம் குஞ்சுகள் விடும் நூலால் தைத்துக் கூடு கட்டுகின்றன. விழுந்து கிடக்கும் கட்டையைக் கறையான் தின்று மண்ணாக்குகிறது. நீர் முடிந்து வந்த அந்தப் பிடி மண்ணிலும் கறையானின் உழைப்பு இருக்கக்கூடும்.

"இலைக்கனால் பிரயோசனம் இல்லையென்று யார் சொன்னது?" என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் அமிலமா காரமா என்று பார்க்கும் பாசிச்சாயத் தாளின் சாயம் இந்த இனத்திலிருந்து எடுக்கப்பட்டதே. 1866-ஆம் ஆண்டிலேயே வில்லியம் நைலாந்தர் என்பவர், பாரிஸ் நகரின் மற்றைய இடங்களில் காணாத இலைக்கன்கள் லக்சம்பேர்க் பூங்காவில் இருப்பதைக் கண்டு, இவை காற்றின் தூய்மையை அளந்து காட்டுகின்றன என்று எழுதினார்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்த வாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. சாயம் தருவதால்தான் அதற்கு மதிப்பு என்றால், வேறு சாயம் கிடைத்த நாளில் அதன் மதிப்பும் போய்விடுமா? கிழவியின் தராசையே நாமும் தூக்கிப் பிடித்தவர்களாவோம். நிறுவையில் மட்டுமே வித்தியாசம்.

விவிலியம் வேறொரு தராசைக் காட்டுகிறது. யோபுவிடம் ஆண்டவர் கேட்கும் கேள்விகளைப் படித்துப் பாரும். மனிதர் வாழாத பாழ்நிலத்துக்கு மழை அனுப்புவது யார் என்பது அவற்றில் ஒன்று. எவருக்கும் பிரயோசனமில்லாத புல்லுக்கும் அவர் மழை பெய்விக்கிறார். மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு சிட்டுக்குருவி. லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து. அந்த ஐந்தாவது குருவி விலையில்லாமல், சும்மா சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதையும் இறைவன் மறப்பதில்லை என்கிறார் இயேசு. 2015-ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலும் இதையே போதிக்கிறது: மற்ற உயிர்கள் நமது உபயோகத்துக்காக மட்டும் இருப்பவையல்ல, இறைவன் முன் அவற்றுக்குச் சொந்த மதிப்பு உண்டு.

இங்கே நீர் ஒரு நியாயமான கேள்வி கேட்பீர்: "பசித்தவன் முன்னால் பாசியைப் பற்றிப் பேசலாமா?" 1990-ஆம் ஆண்டிலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகள் இதே மடுக்காட்டில் தஞ்சம் புகுந்தார்கள். கொட்டிலுக்குத் தடி வெட்டினார்கள். அடுப்புக்கு விறகு பொறுக்கினார்கள். அது பாவமென்று சொல்ல எவருக்கும் வாய் வராது. இறைவனின் சாயலான மனிதனின் உயிர் இலைக்கனிலும் மேலானது. திருச்சபை இதில் தடுமாறுவதில்லை. ஆனால் தேவைக்கு எடுப்பது வேறு. மதிப்பில்லை என்று அழிப்பது வேறு. முன்னவன் வெட்டும்போது தான் வெட்டுவது இன்னதென்று அறிவான். பின்னவன் எதையும் பார்ப்பதே இல்லை.

பார்க்காத கண் காட்டோடு நின்றுவிடுவதுமில்லை. "இதால் என்ன பிரயோசனம்?" என்று பாசியைக் கேட்டுப் பழகிய நாக்கு, பின் திண்ணையில் படுத்திருக்கும் தகப்பனையும் ஒரு நாள் அப்படிக் கேட்கும். உழைக்க முடியாதவர், பெயரை மறந்தவர், பிறவியிலேயே பேச்சு வராத பிள்ளை - இவர்களெல்லாம் எந்தத் தராசில் நிறுக்கப்படுகிறார்கள்? வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் காசு வரும் வீட்டிலும், கிட்ட இருந்து முகம் பார்க்க ஆளில்லாமல் ஒரு தாய் காய்ந்துகொண்டிருக்கலாம். அவளும் செத்தவளல்ல, ஒரு கை தண்ணீருக்காகக் காத்திருப்பவள்.

ஆகையால், வாசகரே, அடுத்த முறை மடுவுக்குப் போகும்போது, செபமாலை சொல்லி முடித்த பின் கால்மணி நேரத்தை ஒரு மரத்தடிக்குக் கொடும். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லும். எதையும் பிடுங்க வேண்டாம், சுரண்ட வேண்டாம். "இது என்ன?" என்று பிள்ளை கேட்டால், தெரிந்ததைச் சொல்லும், தெரியாவிட்டால் அவனோடு சேர்ந்து நீரும் குனிந்து பாரும். பின்னர் வீட்டுக்கு வந்ததும், அதே கண்ணோடு திண்ணைப் பக்கமும் ஒரு முறை பாரும்.