அப்பாவின் காணியும் மகனின் கையெழுத்தும்

இறந்தவர் சொல்லாமல் விட்டதை இருப்பவர் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இதை என்னிடம் கேட்டவர் லண்டனில் ஹரோப் பக்கம் வசிக்கும் ஒரு தம்பி. தகப்பன் காலமாகி, சொத்தைக் கையாளும் அனுமதியான புரோபேட் கிடைத்து, மரபுரிமை வரியும் கட்டி, வீட்டை விற்கப் போட்ட பிறகு பழைய சூட்கேசிலிருந்து ஒரு காணி உறுதி வெளியே வந்தது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எட்டுப் பரப்புக் காணி, அதாவது அரை ஏக்கர். வரித் திணைக்களத்துக்குக் கொடுத்த கணக்கில் அது இல்லை.

"அண்ணை, அப்பா சொல்லாமல் விட்டது அப்பாவோடயே போகட்டும். அவர்ட பாவத்தை நான் ஏன் சுமக்க வேணும்?"

நான் ஓய்வுபெற்ற கணக்காளன். ஊர்ச் சனத்துக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவன். எந்தப் படிவம் என்று கேட்டிருந்தால், கணக்கைத் திருத்தும் சி4 என்று அப்போதே சொல்லி அனுப்பியிருப்பேன். பாவம் என்று கேட்டுவிட்டார்.

பாவத்துக்குப் போகுமுன், பாவமே இல்லாத ஒன்றைத் தள்ளி வைக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டம் கேட்கும் மதிப்பு ஒரு கற்பனை விலை. இறந்த நாளில் அந்தச் சொத்தைத் திறந்த சந்தையில் விற்றிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதுதான் கேள்வி. அன்று யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. நடக்காத விற்பனைக்கு நேர்மையாக ஒரு தொகை சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டு மரபுரிமை வரிச் சட்டத்தின் 160ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஆகவே மதிப்பீட்டாளர் அன்றைய நிலவரத்தைப் பார்த்துச் சொன்ன விலையைவிட வீடு இரண்டு வருடம் கழித்துக் கூடுதலாகப் போனால் அது பொய்யாகாது. கணவனை இழந்த அக்கா ஒருவர் இதற்காகவே நித்திரை இல்லாமல் இருந்தார். சந்தை ஏறியதற்கெல்லாம் மனச்சாட்சி பொறுப்பேற்க முடியாது.

காணியின் விலையோ இன்னும் விசித்திரம். ரூபாயில் மதிப்பிட்டு, இறந்த நாளின் நாணய மாற்று விகிதத்தில் பவுணுக்குக் கொண்டுவர வேண்டும். 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. பெப்ரவரியில் கண்ணை மூடியவரின் காணிக்கும் மே மாதத்தில் மூடியவரின் காணிக்கும் நடுவே ஒரே வேலிதான் இருக்கும். லண்டன் கணக்கில் ஒன்று மற்றதைவிட எவ்வளவோ மலிவு. இவ்வளவு நிலையில்லாத ஒன்றைப் பற்றி உண்மை சொல்வது எப்படி என்று கேட்டால், நியாயம்தான்.

ஆனால் தம்பியின் சிக்கல் விலை அல்ல. காணி இருக்கிறது என்பதே சொல்லப்படவில்லை. எட்டுப் பரப்பு எந்தச் சந்தையிலும் எட்டுப் பரப்புத்தான். இந்த நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவரின் சொத்து உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் வரும். வரி விலக்கு வரம்பான 3,25,000 பவுண் 2009இலிருந்து நகரவே இல்லை. அதையும் வீட்டுக்கான சலுகையையும் தாண்டிவிட்ட குடும்பத்துக்கு, புதிதாக வரும் ஒவ்வொரு நூறு பவுணிலும் நாற்பது போய்விடும்.

தம்பியிடம் இன்னொரு வாதமும் இருந்தது. அது கெட்டிக்கார வாதம். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, பிறருக்குத் தீங்கு தராத சொல் என்றுதானே வைத்தார்? நான் பேசாமல் இருந்தால் யாருக்குத் தீங்கு? இவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கா?

அரசாங்கத்தை நான் இழுக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தங்கச்சியைப் பற்றிக் கேட்டேன். மரணசாதனத்தில் இருவருக்கும் சரிபாதி. கணக்கில் இல்லாத காணியை அவளுக்கு எப்படிப் பங்கு பிரிப்பார்? சொல்லாவிட்டால் அவளுடைய பாதியை விழுங்கியவர் ஆவார். சொன்னால் அவளையும் மறைப்புக்குக் கூட்டாளி ஆக்குவார். நாளைக்குக் காணியை விற்றுக் காசு இங்கே வரும்போது, எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்டால் அடுத்த பொய் வேண்டும். தீங்கில்லாத மௌனம் என்று தொடங்குவது இப்படித்தான் ஆள் சேர்க்கிறது.

தகப்பனின் பாவம் என்ற பேச்சுக்கு வருகிறேன். பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குக் கிழ வேதியராகச் சிவன் வந்து ஓர் ஓலையைக் காட்டுகிறார்: உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது, நீ எனக்கு அடிமை. சுந்தரர் பறித்துக் கிழித்துவிட்டார். அது படி ஓலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளியே வந்தது. பாட்டனின் வேறு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சபை தீர்ப்புச் சொன்னது. முன்னோர் கையெழுத்து பேரனைக் கட்டும் என்பதற்கு இந்தக் கதையைப் பலர் சொல்வார்கள். எனக்கோ இதில் சுந்தரர் செய்ததுதான் முக்கியம். பாட்டன் எழுதியதற்கு அவர் பொறுப்பில்லை. கிழித்தது அவர் கை.

சைவ சித்தாந்தத்திலும் வினை செய்தவனைத்தான் சேரும். அப்பா ஏன் சொல்லவில்லை என்பது அப்பாவுக்கே தெரியும். மறந்தே போயிருக்கலாம், அந்தக் காலத்துப் போரில் காணி போய்விட்டதென்று நினைத்திருக்கலாம். மகன் கையெழுத்திட்டபோதும் அவருக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்தில் குற்றமில்லை. உறுதி கையில் கிடைத்த நாளிலிருந்துதான் அவருடைய வினை தொடங்குகிறது.

வரிச் சட்டமும் இதையே சொல்வதைக் கண்டு நான் கொஞ்சம் அசந்துதான் போனேன். 2007ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் 24ஆம் அட்டவணையில் ஒரு விதி: கணக்குக் கொடுத்தபோது கவனக்குறைவும் இல்லாத, வேண்டுமென்றும் செய்யாத பிழையானாலும், பின்னால் அதைக் கண்டுபிடித்தும் அறிவிக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அது கவனக்குறைவான பிழையாகவே கருதப்படும். அதற்குத் தண்டம், குறைவாகக் கட்டிய வரியில் 30 வீதம் வரை, வெளிநாட்டுச் சொத்தானால் அதற்கு மேலும் போகலாம். கேட்குமுன் தானாகப் போய்ச் சொல்பவருக்கு அது சுழியம் வரை இறங்கும். வட்டி மட்டும் யாரையும் விடாது.

மனிதக் குணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதிப்பைக் கூட்டிச் சொல்லிவிட்டோம் என்றால் நம்மவர்கள் ஓடி வருவார்கள். இறந்து நான்கு வருடத்துக்குள் வீடு குறைந்த விலைக்குப் போனால் வரியைத் திருப்பிக் கேட்க வழி உண்டு. பங்குகளுக்குப் பன்னிரண்டு மாதம். அந்தத் தவணைகள் எல்லோருக்கும் மனப்பாடம். குறைத்துச் சொன்னதற்கு மட்டும் விதி, கர்மம், அப்பாவின் பாவம்.

தம்பி சி4 அனுப்பினார். மதிப்பு மாறினால் புரோபேட் ரத்தாகிவிடுமோ என்று பயந்திருந்தார். அதற்கு வழக்கமாகப் புரோபேட்டைத் தொடத் தேவையில்லை, வரிக் கணக்கைத் திருத்தினால் போதும். தங்கச்சிக்கும் உறுதியின் பிரதி போயிற்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் உறுதியோ, லொக்கர்ச் சாவியோ, பழைய வங்கிப் புத்தகமோ புரோபேட்டுக்குப் பிறகு அகப்பட்டால், அது கிடைத்த திகதியை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். திருத்திய கணக்கைக் கொடுக்கச் சட்டம் தரும் ஆறு மாதம் அந்தத் திகதியிலிருந்து ஓடுகிறது.