பெயர்த்துவைத்த பொருள் அதுவேயாமா?

ஒரு பொருள் தான் இருந்த இடத்தை விட்டு வேறோரிடத்திற் பெயர்த்து வைக்கப்படுமிடத்து, அது முன்னைய பொருள்தானா, அன்றி முன்னையதனோடு ஒத்த பிறிதொன்றா? குடத்தை அறையினின்றும் முற்றத்திற்குக் கொண்டுபோந்தால் இவ்வினா எழாது. மண்ணும் வடிவும் ஒருங்கே பெயர்தலின் என்க. வடிவு மட்டும் பெயர, மண் பழைய இடத்தே கிடக்குமாயின் யாது கூறுவது? இதற்குத் தக்க எடுத்துக்காட்டொன்று கணினியில் நாடோறும் நிகழ்கின்றது. இயங்குதளத்தைப் பழைய தட்டினின்றும் புதிய தட்டிற்குக் காப்புப் பிம்பத்தின் வாயிலாக மாற்றுந் தொழிலே அது. அதனை ஈண்டு எடுத்துக்கொண்டது கருவியின் திறம் பேசுதற்கன்று. அதன்கண் ஓர் அறவினாவும் பொதிந்து கிடத்தலினாலேயாம்.

முதற்கண் அத்தொழில் இன்னதென்பதைச் சுருங்கக் கூறுதும். இயங்குதளமாவது கணினியின் உறுப்புக்களை ஏவி நடத்தும் நிரல்களின் தொகுதி. விண்டோஸ், லினக்ஸ் என்பன அவற்றுட் சில. அது வன்தட்டிலே பதிந்து கிடக்கும். சுழலுந் தட்டு நாளடைவில் தேய்ந்து பழுதுறும். ஆதலின் சுழற்சியில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுக் கலத்திற்கு அதனை மாற்றுவர். கோப்புக்களை மட்டும் எடுத்து வைத்தால் அமையாது. என்னை? மின்விசை பெற்றவுடன் கணினி தட்டின்கண் குறித்ததோரிடத்தை நாடி, ஆண்டுள்ள துவக்க நிரலைக் கொண்டே எழுகின்றது. அவ்விடமும், பிரிவுகளின் எல்லை கூறும் அட்டவணையும், இன்ன கோப்பு இன்னார்க்குரியது என்னுங் குறிகளும் கோப்புக்களோடு தாமே வந்துவிடுவன அல்ல. ஆகவே 512 பைட்டு, அல்லது 4096 பைட்டு அளவினவாகிய செக்டார் என்னுந் துண்டங்களை அவற்றின் வரிசை பிறழாமற் படித்து, அனைத்தையும் ஒரு கோப்பாக்கி மூன்றாவதொரு தட்டில் வைப்பர். அக்கோப்பே பிம்பம் எனப்படும். பின்னர் அதனைப் புதிய தட்டின்மேல் விரிப்பர். நியூசிலாந்தில் 1995-ஆம் ஆண்டு தோன்றிய கோஸ்ட் என்னும் நிரல் இத்தொழிலைப் பலர்க்கும் எளிதாக்கிற்று; தைவான் நாட்டிற் செய்யப்பட்ட குளோன்சில்லா இந்நாளிற் பலரும் விலையின்றிப் பெற்றுக் கையாளுவது. முன்னதன் பெயர் பேயெனவும் பொருள்படும். உடல் நீங்கி உரு மட்டும் நிற்பதற்கு அப்பெயர் பொருந்துவதே.

இனி, புதிய தட்டில் எழுந்தது பழைய இயங்குதளமேயோ என ஆராய்வாம். பழைய தட்டின் ஓர் அணுவேனும் புதியதனுட் சென்றிலது. ஆதலின் இது வேறே என்பர் ஒருசாரார். அங்ஙனமாயின், பழைய தட்டிலேயே ஒரு துண்டம் பழுதுபட, அதன் உள்ளீட்டைத் தட்டே வேறொரு துண்டத்திற்கு மாற்றிக்கொள்ளும்போதும் அது வேறாயிற்று என்றல் வேண்டும். அவ்வாறு கூறுவார் ஒருவரும் இலர். அமைப்பு முறையே பொருள், அஃது ஒன்றாயிருத்தலின் இதுவும் அதுவே என்பர் மற்றொருசாரார். அதுவும் பொருந்தாது. மூன்றாந் தட்டிற் கிடக்கும் பிம்பக் கோப்பு, சுருக்கி வைக்கப்பட்டு வரிசையே மாறிக் கிடப்பினும், அவ்வமைப்பு முழுவதையும் தன்னுள் அடக்கியுள்ளது. எனினும் அஃது இயங்குவதில்லை. ஓரெழுத்தையேனும் திரையிற் காட்டுவதில்லை. வித்தினுள் மரம் போல ஆண்டு அது சத்தி வடிவாய் உளது, வியத்தி எய்திற்றிலது. ஆகவே வெறும் அமைப்பும் போதாது. அவ்வமைப்பு தனக்குரிய இடத்தே நின்று தன் தொழிலைச் செய்தலும் வேண்டும் என்பது பெறப்படும்.

அங்ஙனமாயின், பழையதும் புதியதும் ஒருங்கே தொழில் செய்யுமிடத்து இரண்டும் ஒன்றோ எனின், இதற்குக் கணினியே விடை தருகின்றது. ஒவ்வொரு தட்டிற்கும் அதனைப் பிறவற்றினின்று பிரித்தறிதற்குரிய அடையாள எண் ஒன்று உண்டு. பிம்பத்தை உள்ளபடியே விரிக்குங்கால் அவ்வெண்ணும் உடன் சென்று பதியும். பின்னர் இரு தட்டுக்களையும் ஒரே கணினியிற் பூட்டின், விண்டோஸ் அவற்றுள் ஒன்றைச் செயலற்றதாக ஒதுக்கிவிடும். அதனை வலிந்து எழுப்பினால் அதற்கு வேறோர் எண்ணை எழுதும். அப்பொழுது பழைய எண்ணைச் சுட்டி நிற்குந் துவக்கக் குறிப்பு தடுமாற, அத்தட்டினின்றும் கணினி எழாமற் போதலும் உண்டு. லினக்ஸில் எக்ஸ்.எஃப்.எஸ். என்னுங் கோப்பு முறையும் ஒரே அடையாளமுடைய இரண்டினை ஒருங்கே ஏற்க மறுக்கும். ஒன்றன்பின் ஒன்றாய் நிற்குமிடத்து 'அதுவே இது' என வழங்கலாம். ஒருங்கு நிற்குமிடத்து அங்ஙனம் வழங்கலாகாது என்பது இதனாற் போதரும். மேலும், புதியது ஒருமுறை எழுந்த அளவிலேயே தன் நிகழ்ச்சிக் குறிப்புக்களை எழுதிக்கொள்ளுகின்றது. அக்கணமே இரண்டும் வேறாகின்றன. ஆகவே 'அதுவே' என்றல் உபசார வழக்கேயன்றி உண்மை வழக்கன்று. இவ்வெடுத்துக்காட்டைச் சடப்பொருளளவில் நிறுத்துக. 'இஃது அதுவோ' என வினவி அறிபவன் இவ்விரு தட்டினுள்ளும் இல்லாதவன். அவனைப் பிம்பம் எடுப்பார் யாண்டும் இலர்.

புதியது பழையதன் இடத்தில் நிற்கத் தகுதியுடையது என்பது தொழிலாலேயே தெளியப்படுமாயின், அத்தெளிவு வருமுன் பழையதை அழித்தல் அறமாகுமோ? நம்மனோர் கைக்கொள்ளும் மூவகை அளவைகளும் ஈண்டு முறையே பயன்படும். பிம்பம் எடுத்து முடித்த நிரல் 'வெற்றியுடன் முடிந்தது' எனத் திரையிற் காட்டுவது உரையளவை போல்வது. அவ்வுரையைக் கூறுவதோ பிழைபடக் கூடிய கருவி. எஸ்.எச்.ஏ.-256 முதலிய முறைகளாற் சரிபார்ப்பெண் கணித்து ஒப்பிடுதல் கருதலளவை. எடுத்து வைத்த நாள் தொட்டுப் பிம்பம் திரிபுற்றிலது என்பதனையே அஃது உணர்த்தும். எடுத்தபொழுதே குறைபட எடுக்கப்பட்டதாயின், அக்குறையையும் திரிபின்றிக் காத்துத் தரும். புதிய தட்டில் விரித்து, அதனின்றும் கணினியை எழுப்பி, வேண்டிய கோப்புக்களைத் திறந்து பார்த்தலே காட்சியளவை. முன்னைய இரண்டும் இதற்குத் துணையாவன. இதன் இடத்தைக் கொள்ளவல்லன அல்ல.

இதனை யாம் எம் பிழையாற் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நூல்நிலையத்தின் கணினியை மாற்றித் தருமாறு எம்மிடம் ஒப்புவித்தனர். பல ஆண்டுகளாக ஒரு முதியவர் தம் கைப்படத் தொகுத்த நூற்பட்டி அதன்கண் இருந்தது. பிம்பம் எடுத்தோம், நிரல் வெற்றி கூறிற்று, சரிபார்ப்பெண்ணும் ஒத்தது. 'அனைத்துங் காக்கப்பட்டன, பழைய தட்டை அழித்துவிடலாம்' என்றோம். முதியவரோ, 'புதியதில் என் பட்டியை ஒருமுறை காட்டுங்கள், ஐயா. பிறகு உங்கள் விருப்பம்' என்றார். அவரை அமைதிப்படுத்தற்பொருட்டே புதிய தட்டில் விரித்தோம். கணினி எழவில்லை. விண்டோஸ் தங்கிய பெரும்பிரிவை மட்டும் எடுத்து, துவக்க நிரல் தங்கிய சிறு பிரிவை விட்டிருந்தோம். அதனை வேறு வழியாற் சீர்செய்து எழுப்பிய பின்னர் வேறொன்று புலப்பட்டது: நூற்பட்டி இருந்ததோ மூன்றாவதொரு பிரிவில், அதனையும் யாம் எடுத்திலேம். பழைய தட்டு அழியாதிருந்தமையால் மீண்டும் எடுத்தோம். முதியவர் ஒன்றுங் கூறிற்றிலர்; எமக்குத்தான் நாணம் மிகுந்தது.

அன்று 'காக்கப்பட்டன' என்று யாம் கூறியது பொய்யோ? வஞ்சிக்கும் எண்ணம் இன்மையின் பொய்யன்று என ஒருவர் கூறலாம். ஆயினும் கருதியதனைக் கண்டதுபோற் கூறினோம். எம் சொல்லை நம்பிப் பிறர் தம் பொருளை இழக்க நேருமிடத்து அங்ஙனங் கூறினோம். தன் பொருளளவில் இது சோர்வு. பிறர் அடைக்கலமாக வைத்த பொருளளவில் இது குற்றமே என்பது எம் துணிபு. முன்னாளில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோருள்ளும் நல்லெண்ணமுடையார் பலர் இருந்திருத்தல் கூடும். பெயர்த்தெழுதிய படி முற்றும் உளதா என ஒப்புநோக்காது விட்டவிடத்து, ஆறு கொண்டவற்றை நல்லெண்ணம் மீட்டுத் தரவில்லை.

ஆகலின், பிம்பம் எடுப்போர் எல்லாப் பிரிவும் அடங்கினவா என நோக்குக. புதியதை விரித்து எழுப்பிக் காண்க. பொருளுக்குரியவரையும் காணச் செய்க. பழையதைக் கணினியினின்றும் கழற்றிச் சில திங்கள் தனியே வைத்திருக்க. அதன்பின் அழிக்கவேண்டின் முற்ற அழிக்க. பிறருடைய மறைபொருள் தங்கிய தட்டை அழியாது மற்றொருவர் கையிற் கொடுத்தலும் அடைக்கலங் கெடுத்தலேயாம். எஸ்.எஸ்.டி.யின்கண் மேலெழுதுதல் எல்லா அறைகளையும் எட்டாது. அக்கலத்திற்கே அமைந்த அழிப்புக் கட்டளையைக் கையாளுதல் வேண்டும். பெயர்த்துவைத்த பொருள் உண்மையில் அதுவன்று; அதன் இடத்தில் நிற்குந் தகுதியை அதற்கு ஈவது காத்தவன் நேரிற் கண்ட காட்சியே. அக்காட்சி பெறாதார் 'காத்தேன்' என்னுஞ் சொல்லை நாவில் வைத்தல் ஆகாது.