எங்கே விழுந்தது?



2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைக் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். தீர்க்கதரிசிகளின் புத்திரர் யோர்தான் கரையில் மரம் வெட்டுகிறார்கள். ஒருவனுடைய கோடரியின் இரும்பு கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. அவன் ஏன் அப்படி அலறினான்? சொந்த இரும்பாயிருந்தால், போனால் போகட்டும் என்று விட்டிருப்பான். அது இரவல்! இன்னொருவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நாட்களில் நம் வாலிபர்களின் இரும்பு செல்போனுக்குள்ளே விழுகிறது. ஒரு சகோதரனை வைத்துக்கொள்ளுவோம். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு ரம்மி, இல்லாவிட்டால் கிரிக்கெட் பெட்டிங். கையிருப்பு தீர்ந்தும் பணம் போய்க்கொண்டேயிருக்கிறது. எப்படி? அவருடைய சம்பளக் கணக்கோடு ஓவர்டிராப்ட் வசதி இருக்கிறது. என்றைக்கோ போனில் 'சரி' என்று தட்டிவிட்டு மறந்துபோனார். தன் பணம் முடிந்து பேங்க் பணம் ஓடுவது அவருக்குத் தெரியவில்லை. ஒன்றாந்தேதி சம்பளம் ஏறுகிறது. பார்த்தால் 7,000 ரூபாய்கூட இல்லை! 15,000 ரூபாயும் அதற்குண்டான வட்டியும் முதலிலேயே போய்விட்டது. வாடகையைக் கொடுத்தால் வண்டித் தவணைக்கு இல்லை. தவணை திரும்பினால் அதற்கு அபராதம், அபராதத்துக்கு மேல் ஜி.எஸ்.டி.

அப்போதுதான் ஒரு ஜெபம் வருகிறது. "ஆண்டவரே, ஒரே ஒரு தடவை ஜெயிக்கப் பண்ணும், எல்லாத்தையும் அடைச்சிடுறேன், தசமபாகமும் தர்றேன்." தேவனுடைய பிள்ளையே, சிலுவையண்டையில் நம் இரட்சகரின் அங்கிக்காகச் சீட்டுப்போட்ட சேவகரும் ஜெயிக்கத்தான் ஆசைப்பட்டார்கள். அந்தத் தசமபாகம் நம் சபைக் காணிக்கைப் பையில் விழ வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிச் சீட்டை நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்ய டெல்லியிலே சட்டம் போட்டார்கள். நல்லதுதான், ஸ்தோத்திரம். ஆனால் சட்டம் கடையைச் சாத்தும், ஆசையைச் சாத்துமா? எல்லை தாண்டிப் போய்க் கேரளா சீட்டு வாங்கி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே!

எலிசா அந்த மனுஷனைத் திட்டவில்லை. எங்கே விழுந்தது என்று மாத்திரம் கேட்டார். அவன் இடத்தைக் காண்பித்தான். அன்பானவர்களே, நாம் தடுக்கி விழுவது இங்கேதான். 15,000 போயிருக்கும், மனைவியிடம் 5,000 என்போம். பாதியைச் சொல்லுகிறவன் வேறே இடத்தைக் காண்பிக்கிறான். அங்கே கொம்பை எறிந்தால் இரும்பு எப்படி மிதக்கும்? ஆறு மாத ஸ்டேட்மென்டை பேங்கில் வாங்கி, சமையல்கட்டிலேயே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் மனைவிக்குக் காண்பியுங்கள். ஏ.டி.எம். கார்டு கொஞ்ச காலம் அவர்கள் கையில் இருக்கட்டும். யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் அவர்களே மாற்றி வைத்துக்கொள்ளட்டும். கௌரவம் பார்க்காதீர்கள்.

இரும்பை மிதக்கப்பண்ணினது கர்த்தர். கையை நீட்டி எடுத்தது அவன்தான். நீங்களும் பேங்குக்கு நடந்து போங்கள். ஓவர்டிராப்ட் வசதியை நிறுத்தச் சொல்லி, பாக்கியைத் தவணையாகக் கட்ட வழி கேட்டு, எழுத்தில் கொடுங்கள். எது அசல், எது வட்டி, எது அபராதம் என்று பிரித்துக் கேளுங்கள். மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மாத்திரம் சேமிப்புக் கணக்கு மைனசுக்குப் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லியிருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்க மீட்டர் வட்டிக்கோ லோன் ஆப்புக்கோ போகாதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் ஒரு குண்டுமணி நகையும் அடகுக்கடைக்குப் போகக்கூடாது.

சிலருக்கு அழுது ஜெபித்தும் விரல் திரும்ப போனுக்குப் போகிறது. அது வியாதியைப்போலப் பிடித்துக்கொள்ளும். டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே 14416-க்குப் போன் பண்ணுங்கள், பக்கத்தில் இருக்கிறவரையும் எழுப்புங்கள். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் என் வீட்டுக் கதவையும் தட்டலாம்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் புருஷன் ஸ்டேட்மென்டை எடுத்து நீட்டும்போது கோபம் வரும், வரத்தான் செய்யும். அழுங்கள், கேளுங்கள். ஆனால் அதை ஜெபக்குறிப்பு என்ற பேரில் காட்டேஜ் மீட்டிங் முழுக்கப் பரப்ப வேண்டாம். அப்புறம் அவர் எதையுமே காண்பிக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்த பிறகு நானும் மூப்பர் ஐயாவும் சபையிலே இருப்போம். பாஸ்புக்கோடு வாருங்கள். பேங்குக்குத் தனியாகப் போகப் பயமாயிருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை காலை நாங்களும் கூட வருகிறோம்.